கிராஸிங் போடும் இடம்

ரயில் நின்றால் லிஜாவின் தலை குனியும்; நகர்ந்தால் நிமிரும். குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் வரை பெண்கள் பெட்டியில் அவளோடு வருஷக்கணக்காகப் போய் வந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். மற்றவர்கள் அதற்கு நேர் எதிர். வண்டி ஓடும்வரை பூக் கட்டுவார்கள், பயறு உரிப்பார்கள், ஜெபமாலை உருட்டுவார்கள், வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ வண்டி நின்று பத்து நிமிஷம் ஆகிவிட்டால், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து ரயில்வேக்காரனைத் திட்டத் தொடங்குவார்கள். லிஜா அப்போதுதான் முந்தானைக்குள் இருந்த கருவியை வெளியே எடுப்பாள்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கையடக்கக் கணினி அது. கூடவே பல்குத்தும் குச்சி போல ஒரு பிளாஸ்டிக் பேனா. திரையின் அடியில் அரிசி அளவு எழுத்துகள் வரும். அந்தப் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டு எழுத வேண்டும். வண்டி ஓடும்போது தொட்டால் ஒரு எழுத்துக்குப் பக்கத்து எழுத்து விழும். அதனால் ஓடும்போது யோசிப்பது, நிற்கும்போது எழுதுவது என்று அவள் பழகிக்கொண்டாள். பெட்டியில் இருந்தவர்கள் அதைச் சிலேட்டு என்றார்கள். நாளடைவில் அவளும் அப்படியே சொல்லத் தொடங்கினாள்.

2006 ஜூலையில் அவள் கணவன் ரிஜோ அதைச் சார்ஜாவிலிருந்து அனுப்பினான். அவன் வேலை பார்த்த கிடங்கில் சரக்கு எண்ண வைத்திருந்த கருவிகளில் ஒன்று. புதிது வந்ததும் பழையதை ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்த ஒருவர் கையில் பால்பொடியோடும் டார்ச் விளக்கோடும் சேர்த்து அவன் அதைக் கொடுத்துவிட்டிருந்தான். பிள்ளை விளையாடட்டும் என்பதுதான் அவன் எண்ணம். பிள்ளை அஜிஷாவுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு நாளில் அவளுக்கு அது சலித்துப்போனது. லிஜா எடுத்துத் தோண்டிப் பார்த்தபோது உள்ளே பேசிக் மொழியில் புரோகிராம் எழுத ஒரு மென்பொருள் இருந்தது. கிடங்குக்காரர்கள் தங்கள் தேவைக்காக அழியாதபடி பதித்து வைத்தது அது.

பி.எஸ்சி. இயற்பியலில் அவளுக்கு அந்த மொழி ஒரு தாளாக இருந்தது. மூன்று வருஷத்தில் கணினியை இரண்டே தடவை தொட்டிருக்கிறாள். பரீட்சைக்குத் தாளில் புரோகிராம் எழுதி அறுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினாள். அந்த புரோகிராம் ஓடுமா என்று யாரும் பார்க்கவில்லை. இப்போது, எரவிபுத்தூர் தாண்டி ஏதோ ஒரு இடத்தில் வண்டி நின்றிருக்க, அவள் எழுதிய ஐந்து வரி ஓடி, அஜிஷாவின் பெயரைப் பத்துத் தடவை திரையில் காட்டியது. யாரிடமும் சொல்லாமல் அதைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேறு நேரம் இல்லை. நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, ஐந்தே முக்காலுக்குக் கடற்கரையிலிருந்து புறப்படும் பேருந்தைப் பிடித்து, புதுக்கடை வழியாகக் குழித்துறை வந்து ரயிலேற வேண்டும். திருவனந்தபுரத்தின் ஓரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர் வேலை. மாலையில் அதே வழி. வீட்டுக்குள் நுழைய எட்டாகும். பிள்ளையை மாமியார் செசிலி வளர்த்தாள். லிஜா தூங்குகிற பிள்ளையை முத்தமிட்டுவிட்டுப் போவாள், தூங்குகிற பிள்ளையிடம் திரும்பி வருவாள்.

வேலையை விடலாம் என்று நினைக்காத வாரம் இல்லை. 2004இல் சேரும்போது சரிபார்க்க வேண்டும் என்று பட்டச் சான்றிதழின் மூலத்தை வாங்கி வைத்தார்கள். பிறகு தரவே இல்லை. அங்கே எல்லாருக்கும் அப்படித்தான். விலகப்போகிறேன் என்றால் மூன்று மாத முன்னறிவிப்பு, அதன்பின் தாளாளரின் கையெழுத்து, அதன்பின்தான் பெட்டகம் திறக்கும் என்றார்கள். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை போய் வெளியே வந்த ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. அப்பா ஜெபமணியின் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அவர் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது அந்தச் சான்றிதழின் நகல். சிலசமயம் லிஜாவுக்குச் சந்தேகம் வரும்: சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் நான் போயிருப்பேனா? அல்லது அது பெட்டகத்தில் கிடப்பது எனக்கு ஒரு சௌகரியமா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் வண்டி கிளம்பிவிட்டால் தேவலை என்றிருக்கும்.

அது ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டில் ஒன்று ஏதாவது நிலையத்தில் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். அதைத்தான் கிராஸிங் போடுவது என்பார்கள். காலையில் ஏறியதும் பெட்டியில் முதல் கேள்வியே, இன்றைக்கு எங்கே போடுவான் என்பதுதான். ஆளுக்கு ஒரு நிலையம் சொல்வார்கள். லிஜா நான்கு மாதம், எந்த நாள் எங்கே எத்தனை நிமிஷம் நின்றது என்று நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டே வந்தாள். பிறகு சிலேட்டில் ஒரு புரோகிராம் எழுதினாள். நம் வண்டி குழித்துறையை விட்ட நேரத்தையும், எதிர்வண்டி எவ்வளவு தாமதம் என்பதையும் கொடுத்தால், எங்கே கிராஸிங், எவ்வளவு நேரம் நிற்கும் என்று அது சொல்லும். எதிர்வண்டியின் தாமதத்தை நிலையத்தில் வேலை செய்யும் உறவுக்காரனிடம் தொலைபேசியில் கேட்டு, சபிதா என்ற ஆசிரியை சொல்லிவிடுவாள். முதல் வாரம் ஆறு நாளில் நாலு நாள் சரியாக வந்தது. ஏழாம் நாள் எல்லாரும் பாலராமபுரம் என்க, சிலேட்டு பாறசாலை, பன்னிரண்டு நிமிஷம் என்றது. பாறசாலையில் பதின்மூன்று நிமிஷம் நின்றது.

"நீ வேற ஆளத் தேடியிருக்கணும் மக்கா," என்றாள் சபிதா. "ஸ்டேஷன் மாஸ்டரக் கெட்டியிருந்தா இந்தப் பாதைய நீயே ஓட்டியிருப்ப."

பெட்டியே சிரித்தது. சிரிக்காமல் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ரத்தினம்.

ரத்தினத்துக்கு இரணியல். அங்கேயே ஏறி, லிஜாவுக்காக ஜன்னலோரம் பையை வைத்து இடம் பிடிப்பாள். லிஜாவைவிட எட்டு வயது மூத்தவள், கல்யாணம் ஆகவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் உயர்நிலை தேறியிருந்தாள். அரசு வேலைக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிடுவாள். பிறகு வரும் திறன் தேர்வில், அதாவது ஒருவர் வேகமாக வாசிப்பதைச் சுருக்கெழுத்தில் பிடித்துத் திருப்பித் தட்டச்சு செய்யும் தேர்வில், இரண்டு தடவை ஒன்றிரண்டு பிழையில் தவறவிட்டிருந்தாள். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும்.

பயிற்சிக்கு யாராவது வாசிக்க வேண்டும். ஒருநாள் அவளே லிஜாவிடம் கேட்டாள்.

"பேப்பர வாசிச்சா அடுத்த வார்த்த என்னன்னு எனக்கே தெரிஞ்சிருது. உனக்க சிலேட்டுல உள்ளத வாசி. புரியாதது வந்தாத்தான் கை முழிச்சிருக்கும்."

அப்படித் தொடங்கியதுதான். வண்டி ஓடும்போது லிஜா தான் எழுதி வைத்திருக்கும் வரிகளை வாசிப்பாள். அந்த ஆட்டத்திலும் ரத்தினத்தின் பென்சில் நூல் நூற்பதுபோல் ஓடும். இஃப், தென் என்ற இரண்டு சொற்களும் வரிக்கு வரி வந்ததால் பாடத்தில் சொல்லிய குறியை விட்டுவிட்டு ரத்தினம் தானே ஒரு வளைவும் ஒரு சுழியும் உண்டாக்கிக்கொண்டாள். புரோகிராம் வளர வளர அவளுடைய நோட்டுகளும் வளர்ந்தன. ஒன்று முடிந்து, இரண்டு முடிந்து, மூன்றாவது தொடங்கியது.

2007 மார்ச்சில் லிஜா பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தாள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு சின்னக் கம்பெனி. பேருந்து நடத்துநர்களின் கையில் இருக்கும் டிக்கெட் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். பட்டம் எதுவானாலும் சரி, சொந்தமாக எழுதிய ஒரு புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றிருந்தது. எழுதிப் போட்டாள். ஏப்ரல் பதினொன்று, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். கல்லூரி முதல்வரின் அறையைத் தாண்டிப் போகும்போது அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது: வெளியே போக ஒரு வாசல் இருக்கிறது. அது அவள் முந்தானைக்குள் இருக்கிறது.

சிலேட்டில் ஒரு குறை உண்டு. அணைத்து வைத்திருந்தாலும் அதற்குள் ஒரு துளி மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது அடியோடு தீர்ந்தால் நாம் எழுதியதெல்லாம் போய்விடும். அதன் சார்ஜருக்கு வளைகுடா நாட்டுப் பிளக், தடித்த மூன்று சதுரக் கால்கள். வீட்டுச் சுவரில் அது ஏறாது. ஆய்வகத்தில் எல்லா வகையும் ஏறும் ஒரு மல்டி பிளக் இருந்தது. தினமும் மதியம் அங்கே சார்ஜ் ஏற்றிவிடுவாள். நீண்ட விடுமுறை என்றால் நாலு வீடு தள்ளி, மஸ்கட்டிலிருந்து திரும்பிய செல்வதாஸ் வீட்டில் போய் மாட்டுவாள். அந்த ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று கல்லூரி அரைநாள். மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடந்ததால் பிளக் எதுவும் காலியாக இல்லை. வீட்டுக்கு வரும்போது சிலேட்டில் கால்வாசிதான் மிச்சம்.

செசிலிக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய வியாழன் பூசையில் கோயில் மணியைக் கட்டிவிட்டால், மறுபடி ஈஸ்டர் பூசையில் அது அடிக்கும்வரை வீட்டில் சத்தம் போடும் பொருள் எதுவும் வெளியே இருக்கக் கூடாது. டி.வி. ரிமோட், ரேடியோ, அஜிஷாவின் ஊதல், மேசைக் கடிகாரம்கூட. எல்லாவற்றையும் எடுத்து மர அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்து ஜெபமாலையில் கோத்துக்கொள்வாள். எழுத்தைத் தொட்டால் டிக் டிக்கென்று சத்தம் போடுகிற சிலேட்டும் அந்த வரிசையில் போயிற்று. லிஜா சமையலறையில் கஞ்சி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"மணியக் கெட்டியாச்சு," என்றாள் செசிலி. "இனி எல்லாம் ஈஸ்டருக்குத்தான்."

கால்வாசி சார்ஜ் அணைத்து வைத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று லிஜாவுக்குத் தோராயமாகத் தெரியும். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் கூட்டத்தோடு நடக்கும்போது கணக்குப் போட்டாள். முதல் நிலையில் முழங்காலிட்டபோது இருபத்தேழு மணி நேரம் மிச்சம். பிறகு இருபத்தைந்து என்று தோன்றியது. ஒவ்வொரு நிலையிலும் எல்லாரும் எழுந்த பிறகு அவள் எழுந்தாள். ஆண்டவர் பாடுபட்ட நாளில் பேட்டரியைக் கணக்குப் போடுகிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதனாலேயே கணக்கு இன்னும் வேகமாக ஓடியது.

திரும்பி வந்தபோது செசிலி பாயில்லாமல் தரையில் படுத்திருந்தாள். முந்தைய நாள் மாலையிலிருந்து ஒருசொட்டுத் தண்ணீர் இறக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. சாவி நெஞ்சின்மேல் ஏறி இறங்கியது. லிஜா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சாவியைக் கேட்கத்தான் போனாள்.

"மாமி, கொஞ்சம் வெள்ளம் கொண்டுவரட்டா?"

செசிலி கண்ணைத் திறக்காமல் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். லிஜா எழுந்து போய்விட்டாள். சனிக்கிழமையும் இரண்டு தடவை பக்கத்தில் போனாள், கேட்கவில்லை. கேட்டிருந்தால் செசிலி கொடுத்திருப்பாளா, திட்டியிருப்பாளா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஈஸ்டர் காலையில் அலமாரி திறந்தபோது சிலேட்டு புதுத் துவர்த்துத் துண்டில் சுற்றி, பாச்சை உருண்டைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது. பொத்தானை அமுக்கினால் உயிரில்லை. செல்வதாஸ் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். அரைமணி நேரம் கழித்துத் திரை வெளிச்சமானது. புதிதாக வாங்கிய நாள்போல ஒரு கூட்டல் குறியைக் காட்டி, நடுவில் தொடச் சொன்னது. எழுதுகிற மென்பொருள் இருந்தது. எழுதியது ஒன்றும் இல்லை. ஒன்பது மாதம்.

வீட்டுக்கு வந்ததும் செசிலி கேட்டாள். "நல்லாப் பொதிஞ்சுதான் வச்சேன் மக்கா. என்னமும் ஆச்சுதா?"

ஒன்றும் ஆகவில்லை என்றாள் லிஜா. அன்றைக்கு இறைச்சிக் குழம்பு அவள்தான் வைத்தாள்.

திங்கள் காலை ரயிலில் ரத்தினம் பையை எடுத்து இடம் கொடுத்தாள். லிஜா சிலேட்டை வெளியே எடுக்காமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்ததைக் கண்டதும் என்ன என்று கேட்டாள். லிஜா சொன்னாள். சொல்லி முடித்தபோது வண்டி அமரவிளை தாண்டியிருந்தது. 

"அழாத. எல்லாரும் பாக்காவ," என்றாள் ரத்தினம். "மூணு நோட்டு எனக்க வீட்டுல கிடக்குல்லா? நாளைக்குக் கொண்டு வாறேன். நான் வாசிக்கேன், நீ எழுது."

லிஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே இன்னொன்றும் உறைத்தது. ரத்தினத்தின் திறன் தேர்வு அந்த வியாழக்கிழமை. செவ்வாயும் புதனும் அவள் வக்கீலிடம் கெஞ்சி வாங்கிய விடுப்பு. செவ்வாயன்று நாகர்கோவிலில் சுருக்கெழுத்து மாஸ்டர் சிவதாணு அவளுக்கென்று அரைநாள் ஒதுக்கி வாசிப்பதாகச் சொல்லியிருந்தார். லிஜா வேண்டாம் என்றாள். சொன்ன குரல் அவளுக்கே நம்பும்படி இல்லை.

"மாஸ்டரப் புதங்கிழம பாத்துக்கிடலாம்," என்றாள் ரத்தினம்.

புதன்கிழமை அவருக்குக் கல்குளத்தில் மருமகள் வீட்டு விசேஷம் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். லிஜாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

செவ்வாயன்று லிஜா கல்லூரிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். இரண்டு பேரும் திருவனந்தபுரம் நிலையத்தின் பெண்கள் காத்திருப்பு அறையில், சுவரில் மின்சாரம் இருந்த மூலையில் உட்கார்ந்தார்கள். ஆய்வகத்தின் மல்டி பிளக்கை முந்தைய நாளே பையில் போட்டு வந்திருந்தாள் லிஜா. எட்டரைக்குத் தொடங்கினார்கள். அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் பத்து மணிக்கு வந்து எந்த வண்டி என்று மலையாளத்தில் கேட்டாள். வண்டி லேட்டு சேச்சி என்றாள் ரத்தினம். பன்னிரண்டுக்கு மறுபடி வந்தாள். இன்னும் லேட்டு என்றாள். மூன்று மணிக்கு வந்தவள் ஒன்றும் கேட்காமல், ஜன்னலோரம் காற்று வரும் என்று இடத்தைக் காட்டிவிட்டுப் போனாள்.

சுருக்கெழுத்தில் உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எழுதியதன் அர்த்தம் தெரிந்தால்தான் திரும்ப வாசிக்க முடியும். முதல் நோட்டை ரத்தினம் திணறித் திணறி வாசித்தாள். இரண்டாவது நோட்டில் திணறல் நின்றது. ஒரு வரியை வாசிக்கும் முன்பே அது எதற்கு என்று அவளுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. லிஜா தலை நிமிராமல் குத்திக்கொண்டே போனாள். மூன்றாவது நோட்டின் பாதியில் ரத்தினம் நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, இது தப்புல்லா."

லிஜா நிமிர்ந்தாள்.

"நேமத்துல வண்டி நிக்கியது கிராஸிங்குக்கு மட்டுமில்ல. அடுத்து திருவனந்தபுரத்துல பிளாட்பாரம் ஒழிவில்லேன்னாலும் நிக்கும். நீ ரெண்டையும் ஒண்ணாக் கூட்டிப்போட்ட. அதாக்கும் நேமம் வாற அன்னைக்கெல்லாம் உனக்கு நிமிஷம் கூடிப் போனது. எதிர்ல ஒருத்தன் வாறான்னு நிக்கியது வேற, போற எடத்துல நிக்க எடமில்லேன்னு நிக்கியது வேற. ரெண்டையும் பிரிச்சுப் போடு."

மாதக்கணக்காக லிஜா அந்தப் பிழையைத் தேடியிருந்தாள். நேமம் என்று வந்த நாட்களில் கணக்கு தவறும். அதைத் தண்டவாளத்தின் குணம் என்று விட்டிருந்தாள். ரத்தினம் சொன்னபடி பதினாறு வரியைப் பிரித்து எழுதினாள். பழைய நாட்களைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். எட்டு நாளில் ஏழு நாள் சரியாக வந்தது. ரத்தினம் தன் கையைத் தொடையில் தட்டிக்கொண்டாள். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு லிஜா பார்த்ததில்லை. ஆறு மணி வண்டியில் திரும்பும்போது இருவரும் தூங்கிவிட்டார்கள்.

மறுநாள் அந்தக் கம்பெனியின் சின்ன அறையில் மூன்று பேர் இருந்தார்கள். வயதில் எல்லாரும் அவளைவிட இளையவர்கள்போல் இருந்தார்கள். சிலேட்டைக் கையில் வாங்கி, ஓட்டி, வரிகளை உருட்டிப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர் நேமம் வரும் பதினாறு வரியில் நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு காத்திருப்பையும் பிரிக்க வேண்டும் என்பது பழகிய ஆட்களுக்கே சட்டென்று தோன்றாது என்றும், இது எப்படித் தோன்றியது என்றும் அவளைக் கேட்டார்.

"ட்ரெயின்ல இருந்து யோசிச்சதுதான் சார்," என்றாள் லிஜா.

அது வாயிலிருந்து எத்தனை எளிதாக வந்தது என்பதை அவள் பிறகு பலநாள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். வேலை கிடைத்தது. மே இரண்டாம் தேதி சான்றிதழ்களின் மூலத்தோடு வந்து சேரச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ரத்தினத்தைப் பார்த்தாள். தேர்வு எப்படி என்று லிஜா கேட்கவில்லை. ரத்தினமே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"பாராளுமன்றப் பேச்சு ஒண்ண வாசிச்சான். இஃப்பும் தென்னுமா வந்துது. கை போயி உனக்குன்னு போட்ட வளைவையும் சுழியையும் போட்டுட்டு. டைப்படிக்கப்போ பாத்தா, பாடத்துல அதுக்கு அர்த்தம் வேற. ரெண்டும் கலந்து கெடக்கு. எங்க எது நான் போட்டது, எங்க எது அவன் சொன்னதுன்னு பிரிக்க முடியல. நேரம் போச்சு. போட்டும் மக்கா."

லிஜா தனக்கு வேலை கிடைத்ததை மட்டும் சொன்னாள். ரத்தினம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், உண்மையாகவே மகிழ்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வண்டி பாலராமபுரத்தில் நின்றபோது கேட்டாள்.

"அந்த நேமம் எடத்த அவங்க கவனிச்சாவளா?"

ஒரு நொடிதான். இந்தப் பெண் இப்போதுதான் தோற்று வந்திருக்கிறாள். அவள் கண்டுபிடித்ததை வைத்துத்தான் நான் ஜெயித்தேன் என்று இந்த நேரத்தில் சொல்வதா என்று லிஜாவுக்குத் தோன்றியது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்த அறையில் உன் பெயரைச் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

"அதப் பத்தி ஒண்ணும் கேக்கல அக்கா."

"அவ்வளவு சின்ன விஷயந்தானே," என்றாள் ரத்தினம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்லூரியில் சான்றிதழைக் கேட்டபோது, தாளாளர் வெளிநாட்டில் இருக்கிறார், மாணவர் சேர்க்கை முடிந்துதான் வருவார், பெட்டகச் சாவி அவரிடம் என்றார் கண்காணிப்பாளர். லிஜா கம்பெனிக்குத் தொலைபேசியில் சொன்னாள். மே பதினைந்து வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். பதினைந்தும் போனது. இன்னும் பத்து நாள் கேட்டிருக்கலாம். நடுவில் இருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், ஒருவேளை கொடுத்திருப்பார். ஆனால் தொலைபேசியை எடுக்கும்போதெல்லாம், இது நம்முடைய வேலைதானா என்ற கேள்வி வந்து விரலைப் பிடித்தது. அடுத்து பிழை வந்தால் நேமத்தைப் பிரித்துக் கொடுக்க யார் இருப்பார்கள்? ரிஜோவும் தொலைபேசியில், பிள்ளை பள்ளிக்கூடம் சேரும் வருஷம், இப்போது எதற்கு என்றான். அதைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். ஜூனில் வேறு ஒருவரை எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. பெட்டியில் எல்லாரிடமும் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றாள். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

ரத்தினத்தின் தேர்வு முடிவும் அதே ஜூனில் வந்தது. இரண்டு பிழை கூடுதல். அதோடு வயது முடிந்தது.

அதன்பிறகு ஐந்து வருஷம் இரண்டு பேரும் அதே வண்டியில் போய் வந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில்தான். ரத்தினம் மறுபடி எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. பென்சிலை எடுக்கவே இல்லை. இரணியலில் ஏறி, பையை வைத்து இடம் பிடித்து, குழித்துறையில் லிஜா வந்ததும் எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். 2010இல் சிலேட்டின் பேட்டரி உப்பிப்போய் மூடி கழன்றது. திருவனந்தபுரத்தில் எந்தக் கடையிலும் அதற்கு மாற்று கிடைக்கவில்லை. அந்தப் பதினாறு வரியும் அதற்குள்ளேயே போயின. கல்லூரியில் லிஜாவுக்கு முதுநிலை உதவியாளர் என்று பெயர் மாற்றினார்கள். அதே அலமாரி, அதே கண்ணாடி லென்சுகள். சான்றிதழ் பெட்டகத்திலேயே இருந்தது. கேட்க வேண்டிய காரணம் எதுவும் அவளிடம் இப்போது இல்லை.

2012இல் வக்கீல் தொழிலை மகனிடம் கொடுத்தார். மகன் கணினியில் தானே தட்டிக்கொள்கிறவன். ரத்தினம் ஒரு சனிக்கிழமை, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியில் எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு முறுக்கு கொடுத்துவிட்டு இறங்கிப்போனாள்.

அடுத்த வருஷம் லிஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரணியலுக்குப் போனாள். எதற்காகப் போகிறோம் என்று அவளுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. பேருந்தில் வரும்போது வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். ரத்தினம் தன் அக்காள் வீட்டில் இருந்தாள். அக்காளின் பிள்ளைகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். லிஜாவைக் கண்டதும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். முடி நரைத்திருந்தது. தேநீர் போட்டாள். அஜிஷா எத்தனாம் வகுப்பு, செசிலி மாமிக்கு முட்டுவலி எப்படி, சபிதாவுக்கு இடமாற்றம் கிடைத்ததா என்று வரிசையாகக் கேட்டாள். பிள்ளைகள் உள்ளேயும் வெளியேயும் ஓடினார்கள். லிஜா மூன்று தடவை, அக்கா, ஒரு காரியம் என்று தொடங்கினாள். ஒருதடவை பால் பொங்கியது. ஒருதடவை அக்காள் வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை எந்தத் தடையும் இல்லை. ரத்தினம் அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள்.

"காரியம் ஒண்ணுமில்ல. சும்மா உன்னப் பாக்கணும்னு தோணிச்சு," என்றாள் லிஜா.

ரத்தினம் பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தாள். வண்டி வந்ததும் லிஜாவின் கையில் ஒரு பொதியை வைத்தாள். உள்ளே பிள்ளைக்கு என்று ஒரு பாவாடைத் துணி. லிஜா அவளுக்கென்று எதுவும் கொண்டுவந்திருக்கவில்லை. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ரத்தினம் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். அன்று கம்பெனி அறையில் அவர்கள் வியந்து பார்த்தது அவள் சொன்ன பதினாறு வரியை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.